இன்னொரு கடை பார்ப்பவர்

'இன்னொரு கடைக்காரர்' என்று ஓர் இனம் உண்டு. இரண்டு கடை வைத்துப் பிழைக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவருக்கு ஒரு கடையும் கிடையாது. நீங்கள் ஏதாவது சாமான் வாங்கப் புறப்பட்டால் கூடவே வந்து, அந்தச் சாமானைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அவசியமானால் முகர்ந்தும் பார்த்து, கடைக்காரர் பொட்டலம் கட்ட நூலை இழுக்கும் சமயத்தில் உங்கள் முழங்கையைப் பிடித்து, "இரு, இன்னொரு கடை பாத்துடலாம்" என்பவர். இதுதான் அவர் உத்தியோகம். சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இவர் கேட்கும் முதல் கேள்வி, "இது ஒரிஜினலா?" இல்லைங்க, போலிதான் என்று சொன்ன கடைக்காரர் எவரையாவது நீங்கள் கண்டதுண்டா? அவர் ஒரிஜினல்தான் என்று சத்தியம் செய்ததும் இவர் லேசாகச் சிரிப்பார். சத்தியம் செய்தவருக்கே தன் சரக்கின் மேல் சந்தேகம் வந்துவிடும். இவர் சொந்த வீட்டில் குடை இல்லை. நல்ல குடையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் நாலைந்து மழைக்காலம் போய்விட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் எத்திராஜ். ஊர், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தும் எல்லை முடிவாகாத வருஷங்கள் அவை. நாங்கள் ஆந்திராவில் இருப்போமா, மதராஸோடு போவோமா என்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் தமிழ் பேசுவோம், தாலுகா ஆபீசில் தெலுங்கு பேசுவோம், சண்டை என்றால் இரண்டும் பேசுவோம்.

அந்தத் தை மாதம் எத்திராஜின் சித்தப்பா மகன் கன்னையாவுடைய எருமைக்கு உடம்பெல்லாம் பேன் பிடித்துவிட்டது. பனிக்கு அடர்ந்து வளர்ந்த மயிருக்குள் பேன் குடித்தனம் வைத்துவிட, எருமை நாளெல்லாம் வேப்பமரத்தில் உரசி முதுகைப் புண்ணாக்கிக்கொண்டது. அரித்துக்கொண்டு நிற்கிற எருமை பாலை இறக்குமா? புத்தூர் காபி ஓட்டலுக்குப் போன அந்தப் பாலில்தான் கன்னையா வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து பார்த்தார். "சவரக் கத்தி வேணாம், புண்ணுல பட்டுடும். கிராப்பு வெட்ற மிஷின் வாங்கி ஒட்ட வெட்டிட்டு மருந்து தடவு. சீக்கிரம் செய்யி. பால் வத்திப் போச்சின்னா அப்புறம் இன்னொரு கன்னு போட்டு, அடுத்த ஈத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தூரில் இரும்புக் கடையிலேயே ஒரு மிஷின் ஆணியில் தொங்கியது. கன்னையா அதைக் கையில் எடுத்தார். எடுத்தது தப்பில்லை. எத்திராஜைக் கூட்டிக்கொண்டு போனதுதான் தப்பு.

"புத்தூர்லயா மிஷின் வாங்குவாங்க? பக்கத்துல திருப்பதி கீதுடா! ஊர்ஊரா வந்து மொட்ட போட்டுக்கினு போறாங்க. மயிர் எடுக்கற சாமான் அங்க இல்லாம வேற எங்க கீது?"

நியாயம்தானே? இதுதான் இந்த இனத்திடம் இருக்கும் ஆபத்து. இவர்கள் பேசுவதெல்லாம் நியாயமாகவே இருக்கும்.

திருப்பதியில் ரங்கையா என்பவரின் கடை. அவர் மிஷினை எடுத்து வைத்து, சாமான் எதற்கு என்று விசாரித்தார். எருமைக்கு என்று எத்திராஜ் சொன்னதும், "கேதெகா?" என்று தெலுங்கில் வாயைப் பிளந்தார்.

"எருமைக்கேதான். வெட்டிக் காட்டு, பாக்கறேன்."

"எருமைக்கு நான் எங்க சாமி போவேன்?"

"எரும இல்லன்னா இன்னா? கன்னையா கீறான். கன்னையா, குனி."

கன்னையா குனிந்தார். ரங்கையா அவருடைய வலது காதிலிருந்து உச்சிவரை ஒரே ஓட்டு ஓட்டினார். வண்டிப்பாதை போட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. எத்திராஜ் அந்தப் பாதையில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மனுசனுக்குச் சரி. எருமைக்குத் தாங்காது. இன்னொரு கடை பாத்துடலாம்" என்றார். அடுத்த கடையில் இடது காது. அதற்கடுத்த கடையில் பின்கழுத்து. ஒன்றில் பல் நெருக்கம், ஒன்றில் கைப்பிடி கனம், ஒன்றில் ஸ்பிரிங் 'பேசுகிறது'.

திரும்பி வரும் பஸ்ஸில், வடமாலப்பேட்டையில் ஏறிய ஒரு அம்மாள் கன்னையாவின் தலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னா நைனா இது, வேண்டுதல பாதியில வுட்டுட்டு வந்துகினு கீறியே! சாமி கோவிச்சுக்காதா?"

"வேண்டுதல் இல்லம்மா. எருமைக்கு மிஷின் பாத்துக்கினு வறோம்."

அந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் சித்தூர். தலையில் இன்னும் இடம் பாக்கி இருந்தது. அங்கே ஓர் அதிசயம் நடந்தது. ஒரு மிஷினை எத்திராஜ் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதருகே வைத்து இயக்கிப் பார்த்தார், ஒரு குற்றமும் அகப்படவில்லை. "நல்லாத்தான் கீது" என்றார். கன்னையாவுக்குக் கண் கலங்கியேவிட்டது. கடைக்காரர் நூலை இழுத்தார்.

"இரு. நாம எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாவலயே?"

"எந்தப் பக்கம்னா?"

"நாளிக்கு ஊரு மதராஸோட போய்ட்சின்னு வெச்சுக்கோ. இந்த மிஷின் பிளேடு ஒடஞ்சா நீ ஆந்திராவுக்கு வரணும். எல்லையில நிறுத்திக் கேப்பான். இன்னா பதில் சொல்லுவே? மதராஸ்ல வாங்கிட்டு ஊரு ஆந்திராவுலயே நின்னுட்சின்னா? அப்பவும் இதே கஷ்டம். எல்ல தீரட்டும். தீந்த மறுநாளே வாங்கிடலாம்."

ஆக, ஓர் எருமையின் முதுகு மயிரை வெட்டுவதற்கு இரண்டு ராஜ்யங்கள் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. கன்னையாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எத்திராஜ் பேச்சைத் தட்டி ஒரு சாமான் வாங்கியவன், அது என்றைக்கு ரிப்பேர் ஆனாலும், "நான் அப்பவே சொன்னேன்" என்பதைச் சாகும்வரை கேட்டாக வேண்டும். அந்தத் தண்டனைக்கு அஞ்சாத ஆண்பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. நானும் அஞ்சியவன்தான்.

எத்திராஜ் தினம் பேப்பர் பார்த்தார். எல்லை தீரவில்லை. எருமைக்குப் புண் முதுகிலிருந்து விலாவுக்கு இறங்கியது. பால் செம்பிலிருந்து டம்ளருக்கு இறங்கியது. ஒருநாள் காபி ஓட்டலில், வேறு இடத்தில் பால் பேசிவிட்டோம், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குக் கன்னையாவின் மனைவி செங்கம்மா யாரிடமும் சொல்லாமல் புத்தூருக்கு நடந்தாள். முதல் கடையில் ஒரு மிஷினை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டாள். புருஷனைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லித் தானே வெட்டினாள். கறுப்பு மயிர் குவிந்தது. மருந்தைத் தடவியதும் எருமை மரத்தைத் தேடவில்லை, படுத்து அசை போட்டது. ஆனால் மடி வற்றித் தொங்கியது. அந்த ஈத்துக்கு இனிப் பால் இல்லை.

செய்தி கேட்டு எத்திராஜ் வந்தார். மிஷினை எடுத்தார். இயக்கினார். காதருகே வைத்தார்.

"பரவால்ல, நல்லாத்தான் வெட்டுது. ஆனா செங்கம்மா, நாலு எடம் பாத்து வாங்கியிருக்கலாம்."

செங்கம்மா குரலை உயர்த்தவில்லை. "மாமா, கடையெல்லாம் பாத்தீங்க. மிஷினெல்லாம் பாத்தீங்க. மதராஸப் பாத்தீங்க, ஆந்திராவப் பாத்தீங்க. எங்க எருமைய ஒரு தபா வந்து பாத்தீங்களா?"

யோசித்துப் பார்த்தால், அவர் பார்க்கவே இல்லை. பக்கத்துத் தெருதான். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, ஆத்திரமாக வந்தது. எத்திராஜ் மிஷினைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

இத்துடன் எத்திராஜ் கதை முடிந்தது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி, அது உங்களைப் பற்றியது. செங்கம்மா வாங்கியது என்ன கம்பெனி மிஷின் என்று நான் சொல்லவில்லை. கவனித்தீர்களா? அந்த எண்ணமே வராமல், ஐயோ அந்த மாடு என்று இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். "அதானே, என்ன கம்பெனி?" என்று இப்போது நிமிர்ந்து உட்காருகிறவர்கள் தயவுசெய்து எழுந்து, வீட்டில் யாருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கம்பெனிப் பெயரை அப்புறம் சொல்கிறேன்.