அப்பா ஏரியில் தொலைந்துபோகவில்லை

சேசு மரி சூசை

கடுக்காமடு,
திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா சாவியோ அவர்களின் சமூகத்திற்கு, தம்பி மகள் ரூத் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு மலை நலம், ஏரி நலம், நானும் நலம். நேற்று இரவு இங்கிருந்து வேனில் ராயபுரம் வந்து இறங்கிய ஜானட் பெரியம்மாவும், அவர் மடியிலேயே பயணம் செய்த பலாப்பழமும், அம்மாவும், ஜெரி அண்ணனும், அப்பாவின் இரண்டு முழங்கால்களும் சேதமில்லாமல் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

குடும்ப வாட்ஸப் குழுவில் தாங்கள் நேற்றுப் போட்ட ஆடியோவைக் கேட்டேன். "ரவுண்டா கீற ஏரியில ஒரு மனுசன் வயி தெரியாம தொலஞ்சி போறான்னா அது இன்னா ஊருடா? அப்பனுக்கே இந்தக் கதின்னா, பொட்டப்புள்ள அங்க தனியா குந்திகினு இன்னா பண்ணுது? மாத்தல் மனுவுல கையெய்த்து போட்டுட்டு ஒயுங்கா வூட்டுக்கு வரச் சொல்லு" என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு ஆடியோவில் பதில் சொல்ல வராது. எதிரே ஆளே இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் என் குரல் ஓடி ஒளிந்துகொள்ளும். ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜெரி அண்ணன் போட்ட வீடியோ பொய்யில்லை. ஆனால், அது நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிகிறது.

நான் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி அரசாங்க நாற்காலியில் உட்காரப்போகிறாள் என்று தாங்கள் தெரு முழுக்கச் சாக்லெட் கொடுத்தீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே வாய் தவறி "இன்னா சார்?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து டீ நேரத்தில் "ரூத், எங்க, 'கீது'ன்னு ஒரு தடவை சொல்லும்மா" என்று கேட்டுச் சிரிப்பது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. நான் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசப் பழகினேன். அதாவது, பேசாமல் இருக்கப் பழகினேன். பேச ஆளில்லாததால் காலையில் ஏரியைச் சுற்றி ஓடத் தொடங்கினேன். தாங்கள் கவலைப்படுவது போல அது காட்டுப் பாதை இல்லை. கரைமேல் அரை வட்டம் சமதளம். ஏரி நிரம்பினால் வழியும் கலங்கலைத் தாண்டியதும் சாமை வயல்களுக்கு நடுவே ஏற்றம். பிறகு பலா மரங்களுக்குக் கீழே ஒரு இறக்கம். அந்த இறக்கத்தில் கால்கள் நம்மைக் கேட்காமலேயே ஓடும். நம் ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தானே பெரியப்பா? முதல் நாள் அந்தச் சாமை வயல் ஏற்றத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது உட்காருவதில்லை. பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளர் சிவந்தி அக்கா, "உன் செருப்பு சத்தம் கேட்டாதான் நான் வாசல் தெளிப்பேன்" என்று சொல்கிறார். நான் ஷூ போட்டுத்தான் ஓடுகிறேன் என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட எங்கள் அலுவலர் திருமலை சார், இந்த ஊர் ஆண்டு விழாவின் ஏரி ஓட்டத்துக்கு, "நீ மேப் படிச்ச பொண்ணு, வழி போட்டுக் கொடு" என்றார். என் புவியியல் பட்டத்தை முதன்முதலாக மதித்த மனிதர் அவர். நான் மூன்று வழி போட்டேன். கரையோடு போய்த் திரும்புவது குழந்தைகளுக்கு. மொட்டைப் பாறை வரை ஏறி இறங்குவது இந்த ஊர் இளைஞர்களுக்கு. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுவது மற்ற எல்லோருக்கும். மலையில் பிரியும் இடமெல்லாம் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டேன். ஏரிச் சுற்றுக்கு மட்டும் ஆரம்பத்தில் ஒரே ஒரு அம்புக்குறிதான். தண்ணீரை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஓடினால் மதகுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் வளைவில் வந்து முடியும். இதில் யார் எப்படித் தவற முடியும் என்று நினைத்தேன். ராயபுரத்திலிருந்து ஒரு வேன் வரும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"போய்ப் பாத்துட்டு, கையோட கூட்டிகினு வந்துடு" என்று தாங்கள் அப்பாவிடம் சொல்லி அனுப்பியது எனக்குத் தெரியும். அப்பா வந்ததிலிருந்து அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது, "நீ தனியா ஓடுற வயிய நானும் ஒரு தபா ஓடிப் பாக்குறேன்மா. அப்பால மத்தது பேசுவோம்" என்றார்.  அந்தச் சுற்றில்தான் என் வேலை இங்கேயா, தாங்கள் எனக்கு மாறுதல் கேட்கும் மீஞ்சூரிலா என்பது முடிவாகப் போகிறது. சனிக்கிழமை விடிந்ததும் பார்த்தால் அப்பா துறைமுகத்தில் போடும் இரும்பு முனை வைத்த ஷூவோடு நிற்கிறார். "இன்னாங்க, ஓடப்போறீங்களா, இல்ல கன்டெய்னர் ஏத்தப்போறீங்களா?" என்று அம்மா கேட்டார். "கல்லு கில்லு இருந்தா காலுக்கு சேப்டி, ஆலிஸ்" என்றார் அப்பா.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தாங்களும் அப்பாவும் எத்தனையோ வருடமாகக் காலையில் திருவொற்றியூர் பக்கம் நடந்து போய்த் திரும்புகிறவர்கள். போகும்போது கடல் வலது கைப் பக்கம். வீட்டுக்குத் திரும்பும்போது இடது கைப் பக்கம். நம் தெருவில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சனிக்கிழமை ஏரி முழுக்கப் பனி. அக்கரை தெரியவில்லை. அக்கரை தெரியாத தண்ணீர் நம்மவர்களுக்குக் கடல்தானே? அப்பா தண்ணீரை வலது கையில் வைத்து, யாரையும் முந்த நினைக்காமல், யாரையும் பார்க்காமல், கரையைக் கடந்து, சாமை வயல் ஏற்றத்தில் உட்காராமல் (நான் உட்கார்ந்த ஏற்றம் பெரியப்பா!), பலா மர இறக்கத்தில் இரும்பு ஷூ தடதடக்க இறங்கி, நாலைந்து பேருக்குப் பின்னால் முதல் ஆட்களில் ஒருவராக வளைவுக்கு வந்துவிட்டார். நான் கைதட்டினேன். அவர் நின்று, வளைவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், தன் வலது கையைப் பார்த்தார்.

"இன்னா ரூத், பாதி வயிலயே நின்னுகினு கீற?"

"முடிஞ்சிடுச்சு நைனா."

"எங்க முடிஞ்சுது? தண்ணி இன்னும் சோத்தாங்கை பக்கம்தான கீது? இன்னும் வூட்டுக்குத் திரும்பவே இல்லியே!"

சொல்லிவிட்டு, வளைவை ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடிவிட்டார். நான் கூப்பிட்டேன். என் குரல் என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஜெரி அண்ணனின் வீடியோ இங்கேதான் தொடங்குகிறது. பின்னால் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு எதிரே பனியைக் கிழித்துக்கொண்டு ஒருவர் வருகிறார்: நெஞ்சில் எண், கையில் ஜெபமாலை, முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. அவர்களில் பாதிப் பேர், முதலில் போனவர் திரும்பி வருகிறார், எங்கேயோ திருப்பம் இருந்திருக்கிறது, நாம்தான் விட்டுவிட்டோம் என்று நினைத்து, அங்கேயே திரும்பி அப்பாவின் பின்னால் ஓட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் நின்றார்கள். நின்றவர்கள்மேல் இறக்கத்தில் வந்தவர்கள் மோதினார்கள். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த சிவந்தி அக்கா ஒரே ஆளுக்குப் போகும்போது ஒரு தடவையும் திரும்பி வரும்போது ஒரு தடவையும் தண்ணீர் கொடுத்ததாகச் சொல்கிறார். "சித்தப்பா தொலஞ்சிட்டாருபா! அல்லாரையும் இஸ்துகினு தொலஞ்சிட்டாரு!" என்று அண்ணன் கத்துவதைத் தாங்களே கேட்டிருப்பீர்கள். மேடையில் விளையாட்டுத் துறையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் மாயா மேடம் எழுந்து நின்றுவிட்டார். திருமலை சாரின் முகம் என்னவோ ஆகிவிட்டது. அவர் மைக்கை என் கையில் திணித்து, "நீ போட்ட வழிதானேம்மா? நீயே சொல்லு!" என்றார்.

பெரியப்பா, நான் முதலில், "ஓட்டத்தில் பங்கேற்கும் அன்பர்களின் கனிவான கவனத்திற்கு" என்றுதான் ஆரம்பித்தேன். யாரும் கவனிக்கவில்லை. அப்பா மலைத் திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தார். அப்புறம் என் வாயிலிருந்து வந்தது என்ன என்பதை அலுவலகமே இன்று காலை எனக்குத் திருப்பிச் சொன்னது.

"நைனா! அல்லாரும் கேளுங்க! இது கடல் இல்ல, ஏரி! ரவுண்டா கீது! எந்தப் பக்கம் ஓடுனாலும் இங்கதான் வந்து நிப்பீங்க! எவனும் இன்னோரு தபா திரும்பாத! மூஞ்சி எந்தப் பக்கம் கீதோ, அந்தப் பக்கமே வுடு ஜூட்டு!"

சுற்றிலும் மலை. ஒவ்வொரு மலையும் "ஜூட்டு, ஜூட்டு" என்று திருப்பிச் சொன்னது.  பிறகு எல்லோரும் ஓடினார்கள். பாதிப் பேர் வலமிருந்தும், பாதிப் பேர் இடமிருந்தும் வந்து வளைவுக்குக் கீழே ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். யாருக்கும் அடியில்லை. மாயா மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா கடைசியாக, தண்ணீரை இடது கையில் வைத்துக்கொண்டு, நிதானமாக வந்து நின்று, "இப்பதான் திரும்பி வந்த மாரி கீது" என்றார். அன்றைக்கு ஏரியை இரண்டு சுற்று ஓடிய ஒரே மனிதர் அவர்தான் என்பதைத் தயவுசெய்து குழுவில் தெரிவிக்கவும். வீடியோவில் அது இல்லை.

இதற்குமேல் நடந்தது ஜெரி அண்ணனுக்கும் தெரியாது. கூட்டம் கலைந்த பிறகு அப்பா மதகுமேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். நான் மாறுதல் பேச்சு வரப்போகிறது என்று நின்றேன்.

"அந்தக் கோடியில கீறேன், ஒரே பனி, ஒண்ணும் தெரியல" என்றார். "உன் கொரல் வந்துச்சு பாரு. கோயில்ல பாட சொன்னா உனக்கு ஒதடுதான் ஆடும், கொரல் வராது. நான் பயந்தது இந்த மலைக்கு இல்லமா. உனக்கு ஒண்ணுன்னா நீ கத்தக்கூட மாட்டியேன்னுதான் பயந்துகினு இருந்தேன்."

நான் அந்த இரும்பு ஷூவை எடுத்து, உள்ளே இருந்த மண்ணைத் தட்டினேன்.

"அத்தினி தூரம் கேட்டுச்சுமா. போதும். மாத்தல் கீத்தல் ஒண்ணியும் வேணாம். ஆனா அண்ணனாண்ட இத்த யாரு சொல்றது? பேஜாரு பண்ணும். நீயே எய்திடு."

ஆகவே எழுதுகிறேன். அப்பா கீழ் வீட்டில் இருந்துகொண்டு மாடியில் இருக்கும் தங்களிடம் சொல்லாததற்குக் காரணம் மரியாதைதான். என்னோடு இடம் மாற்றிக்கொள்ளத் தாங்கள் தேடிப் பிடித்த அந்த மீஞ்சூர்க்காரரிடம் என் நன்றியைத் தெரிவித்து, மனுவில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றும் சொல்லிவிடவும். இன்று டீ நேரத்தில் யாரும் என்னை "கீது" சொல்லச் சொல்லவில்லை. நானாகவே மூன்று தடவை சொன்னேன். கிறிஸ்துமஸ் வரை ராயபுரம் வருவதாக இல்லை. அங்கே இருக்கும் என் கட்டிலை ஜெரி அண்ணன் எடுத்துக்கொள்ளலாம்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. அம்மாவை அப்பாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். தங்கள் ஆசியைத் தூரத்திலிருந்தே தலை தாழ்த்தி வாங்கிக்கொள்ளும்,

தம்பி மகள்,
அ. ரூத், பி.எஸ்சி.

பி.கு.: கட்டிலைக் கொடுக்க வேண்டாம். இதை ஒட்டப் போகும்போது மாயா மேடம் போன் செய்தார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக ஒரு ஓட்டம் நடத்தப்போகிறார்களாம். வழி போட நான்தான் வர வேண்டுமாம். ஒரு மாதம் அங்கேதான் வேலை. வருகிற திங்கட்கிழமை வந்து இறங்குகிறேன். இது மாறுதல் இல்லை, தற்காலிகப் பணி. முதல் ஆளாக ஓடிக் காட்ட அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரியவர் பெயர் கேட்டார்கள். தங்கள் பெயரைக் கொடுக்கலாமா என்று பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "கேக்காத கண்ணு, எய்தி குட்டுடு. குந்தின எடத்துலயே ஊரையே ஓட வச்சிகினு கீறாரு, ஒரு தபா அவரும் ஓடட்டும்" என்றார். கொடுத்துவிட்டேன்.