பெண்ணை அழைத்துப்போன டியூக்

இந்திய சுதந்திரத்தால் யாருக்கு என்ன கிடைத்ததோ தெரியாது. ராயபுரத்துக்கு டியூக் கிடைத்தது. கப்பல் கம்பெனித் துரை சீமைக்கு மூட்டை கட்டியபோது, தமது நாயை ஹெட் கிளார்க் ஜேக்கப்பிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நாடு தில்லியில் கைமாறியது. நாய் எங்கள் தெருவில் கைமாறியது. இரண்டும் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்தவை என்பது ஜேக்கப்பின் கருத்து. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் ஆமோதித்தேன்.

ஆகவே, அவர் மகள் எல்சியின் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும், அதில் டியூக் அவர்களுக்கு உரிய 'ஸ்தானம்' பற்றி ஆராய ஒரு கமிட்டி கூடியது. தலைவர் ஜேக்கப். காரியதரிசி நான். அவர் மனைவி வியாகுலம்மாள் காப்பி கொடுக்கும் அளவில் பங்கு கொண்டார்.

"சீமையில் பெரிய குடும்பங்களில் நாய்தான் மணப்பெண்ணுக்கு முன்னால் நடந்து கோயிலுக்கு அழைத்துப்போகும். துரை வீட்டுப் பத்திரிகையில் படமே பார்த்திருக்கிறேன்" என்றார் தலைவர்.

"நம்மள்ல தாய்மாமன் கையப் புடிச்சிகினுதானே பொண்ணு மாதா கோயிலுக்குப் போவும்? எங்க அண்ணன் சிலுவைமுத்து குத்துக்கல்லாட்டம் கீதே!" என்றார் வியாகுலம்மாள்.

"உன் அண்ணன் கட்டுமரம் ஏறுகிற ஆள். மேலெல்லாம் மீன் வாடை. ஆபீஸ் மனிதர்கள் வருகிற இடம் இது."

"அந்த வாடைலதாங்க நானும் பொறந்தேன்."

இந்தக் குறுக்கீட்டைச் சபை கவனிக்கவில்லை. பெண்ணை டியூக் அழைத்துச் செல்வதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சிலுவைமுத்துவையும் சபை மறந்துவிடவில்லை. விருந்தன்று பின்கட்டில், கரிமூட்டைக்கும் சாக்கடைக்கும் நடுவே, அவருக்குத் தனி இலை ஒதுக்கியது. காற்றோட்டமான இடம்.

எல்சிக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவளைக் குழந்தையிலிருந்து தோளில் சுமந்து கடற்கரை காட்டியவர் அந்த மாமன். "மாமா இல்லாம நான் எப்பிடிம்மா போவேன்?" என்று தாயிடம் அழுதாள். தகப்பனாரிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவரை எதிர்த்துக் குரல் கொடுக்கும் உரிமை டியூக்குக்கு மட்டுமே இருந்தது.

டியூக்கின் மினுமினுப்புக்குக் காரணம் தாம் வாங்கிப்போடும் சீமை பிஸ்கட் என்று ஜேக்கப் சொல்லுவார். டியூக் அதை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. தினமும் காலையில் தங்கைக்கு மீன் கொண்டுவந்து கொல்லைக் கதவைத் தட்டும் சிலுவைமுத்து, "இன்னா தொரை, துன்னியா?" என்று கேட்டு ஒரு சங்கரா மீனை வீசுவார். துரை நாய் நாட்டு மீன் தின்று வளர்ந்தது.

கல்யாண நாள் வந்தது. டியூக் அவர்கள் கம்பளிக் கோட்டும் சாமந்தி மாலையுமாக எழுந்தருளினார். சங்கிலியின் மறுமுனையை எல்சி பிடித்திருந்தாள். பின்னால் பேண்டு, அதன் பின்னால் ஆபீஸ் மனிதர்கள். ஜேக்கப்பின் முகத்தில் சாம்ராஜ்யக் களை.

மாதா கோயிலுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். இடது பக்க மூலையில், விளக்குக் கம்பத்தை ஒட்டி, வெளுத்த சட்டையோடு சீர்த் தட்டை ஏந்திக்கொண்டு சிலுவைமுத்து நின்றார். தூரத்தில் இருந்தாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

டியூக் மூக்கைத் தூக்கியது. அதற்கப்புறம் சீமை ஒழுங்கு ஒன்றும் நடக்கவில்லை. இடது பக்கம் ஒரே பாய்ச்சல்! பின்னால் எல்சி ஓடினாள். வழி மாறிவிட்டது போலும் என்று நினைத்த பேண்டுக்காரர்கள், வாசிப்பை நிறுத்தாமலே அவள் பின்னால் ஓடினார்கள்.

"எல்சி, சங்கிலிய வுடுடீ!" என்று கத்தினார் ஜேக்கப். அவர் வாயிலிருந்து ராயபுரத் தமிழை நான் கேட்டது அன்றுதான்.

விட்டிருக்கலாம். ஆனால் அவள் அதை மணிக்கட்டில் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். காரியதரிசி பார்ப்பதையெல்லாம் தலைவரிடம் சொல்லவேண்டும் என்று விதி கிடையாது.

"இன்னாமா இது? ஊரையே இட்டுக்கினு இங்க வந்துட்ட!" என்று பதறினார் சிலுவைமுத்து. டியூக் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டது.

"நான் எங்க வந்தேன்? டியூக்குதான் இட்டாந்துச்சு. கையக் குடு மாமா, பூசைக்கு நேரமாவுது" என்றாள் எல்சி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸ் மனிதர்கள், இதுவும் சீமை வழக்கம்தான் என்று எண்ணிக் கைதட்டினார்கள். ஜேக்கப் சிரிக்கவேண்டியதாயிற்று.

விருந்திலும் எல்சி மாமனை விடவில்லை. முதல் பந்தியில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். டியூக்கும் அவர் இலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆபீஸ் மனிதர் ஒருவர் முகம் சுளிக்கவே, நான் நாயைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய், சாக்கடையோரம் கரிமூட்டைப் பக்கத்தில் கட்டினேன்.

ஜேக்கப் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"உமக்கு ஈவு இரக்கம் இல்லையா? இந்த நாற்றத்திலா கட்டுவது? ஒரு நாய் இருக்கிற இடமா ஐயா இது?"

அவர் காலடியில், மச்சானுக்காக அவர் காலையிலேயே போடச்சொன்ன இலை, கரித்தூசி படிந்து கிடந்தது.