பவளத்துக்கு ஒரு சொட்டு அதிகம்

நாமக்கல்லில் கோழித் தீவனக் கடை வைத்திருந்த தீனதயாளனுக்கு ஒரே ஓர் ஆசை. சேலத்துப் பவளம் வளர்ப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் தலைவர் சண்முகவேல் தொட்டியை நேரில் பார்க்காமல் யாரையும் சேர்க்க மாட்டார்.

தீனதயாளன் வீட்டு ஹாலில் உப்புத்தண்ணீர்த் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளங்கள். அவற்றுக்கு நிறம் ஏற அமினோ ஆசிட் மருந்து வாங்கினார். வாரம் இரண்டு சொட்டு என்றது பாட்டில். இவர் கைதான் சும்மா இருக்காதே! கடையில் பாதி மூட்டை எடை போடும்போதே வீட்டுக்கு ஓடி வருவார். பவளம் விரிந்திருந்தால் சந்தோஷத்தில் ஒரு சொட்டு. சுருங்கியிருந்தால் ஆறுதலுக்கு ஒரு சொட்டு. திரும்பச் செருப்பு மாட்டும்போது, போய்வருகிறேன் என்று இன்னொரு சொட்டு.

கண்ணாடியில் பாசி படர்ந்தது. தண்ணீர் கலங்கியது. ரோஸ் நிறப் பவளம் மண்டைவெல்லம் மாதிரிப் பழுப்பாயிற்று.

"சத்துப் பத்தலை" என்று மூடி நிறைய ஊற்றப் போனார்.

"ஏனுங்க," என்றாள் மனைவி தனப்பிரியா. "கோழித் தீவனத்துல அமினோ ஆசிட்டக் கிராம் கணக்காத்தான கலக்கறீங்க?"

"கோழி வேற, பவளம் வேற. உனக்கென்ன தெரியும்?"

"உங்க பேரு தீனதயாளன் இல்லீங்க. தீனிதயாளன்!"

அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று இவர் இஷ்டத்துக்கு ஊற்றினார். ஆச்சரியம்! பாசி போனது. தண்ணீர் தெளிந்தது. சில மாதங்களில் பவளம் பழைய ரோஸைவிடப் பளிச்சென்று விரிந்தது. உடனே சண்முகவேலுக்குப் போன் பறந்தது.

வந்தவர் தொட்டிமுன் அசந்து நின்றார். "எப்படிங்க இந்தக் கலரு?"

"தைரியமா ஊத்தோணுங்க. பாட்டில்ல போட்டிருக்கறத நம்பிட்டிருந்தா ஆகுமா?"

சண்முகவேல் பாட்டிலைத் திறந்து மோந்தார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். "என்னுங்க, தண்ணியாட்டம் இருக்குது?"

"தண்ணியேதானுங்கண்ணா," என்றாள் காப்பியோடு வந்த தனப்பிரியா. "அது அவரு கைக்கு. அசல் மருந்து ஃப்ரிட்ஜுல, கறிவேப்பிலைக்குப் பின்னால இருக்குது. வாரம் ரெண்டு சொட்டு நான் உடறேன். அவரு கடைக்குப் போனதும் தண்ணி மாத்தறதும் நாந்தான்."

பவளம் விரிந்தே இருந்தது. தீனதயாளன்தான் சுருங்கினார்.

சண்முகவேல் செல்போனை எடுத்தார். "அம்மணி, உங்க நம்பரச் சொல்லுங்க. குரூப்புல சேத்திடறேன்."

"அவரையும் சேத்துக்கங்கண்ணா, ரொம்ப நாள் ஆசை," என்றாள் தனப்பிரியா. "ஆனா படிக்க மட்டும் உடுங்க. கை வெக்க உட்டுராதீங்க."