சத்தமே போடாத பைக்

முப்பத்தாறு கிலோ எடையுள்ள மின்சார பைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதைப் பிக்கப் வண்டியின் பின்னால் எப்படி ஏற்றுவது என்று தெரியாமல் கடைவாசலில் நின்றிருந்தார் வெர்லின் ஸ்டாடர்ட். முன்சக்கரம் ஏறினால் பின்சக்கரம் இறங்கியது. பின்சக்கரத்தைத் தூக்கினால் முழங்கால் ‘கடக்’ என்றது.

“ஏங்க, இது மலை ஏறுமா?” என்று கேட்டாள் அவர் மனைவி லவோன்.

“ஏறும். ஆயிரம் வாட் மோட்டார்.”

“முதல்ல வண்டியில ஏறட்டும்.”

கடைக்காரர் கிப் ஒரு பலகையைக் கொண்டுவந்து சரித்து வைத்தார். மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். பைக் ஏறியது. பலகை உடைந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் கடைக்குள் எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. “மோட்டார் சக்கரத்துல இருக்கிறது வேணுமா சார், பெடல்கிட்ட இருக்கிறது வேணுமா?” என்று கிப் கேட்டார்.

“எதுல போனா எல்க் மான் விழும்?”

“எல்க் விழறது உங்க கையில சார். சக்கரத்துல மோட்டார் இருந்தா மேட்டுல திணறும். பெடல்கிட்ட இருந்தா ஆடு மாதிரி ஏறும். டயர் இந்தத் தடிமன் வேணும், கல்லு, சேறு, பனி எல்லாத்துலயும் போகும். சத்தமே வராது. மான் காதுகிட்ட போய் நின்னாலும் தெரியாது.”

நிறம் மூன்று இருந்தது. கறுப்பு, பச்சை, அப்புறம் முழுக்க இலையும் சுள்ளியும் வரைந்த ஒன்று. “நூறு அடி தள்ளி நின்னா கண்ணுக்கே தெரியாது சார்,” என்றார் கிப். வெர்லின் அதைத்தான் எடுத்தார்.

இத்தனைக்கும் காரணம் வாய். வெர்லினுக்கு அறுபத்தொரு வயது. ஐடஹோ மலைப்பக்கம் பைன் ஃபோர்க்கில், குளிர்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். பன்னிரண்டு வருஷமாக வேட்டைக்கு உரிமச் சீட்டு வாங்கி, துப்பாக்கியைத் துடைத்து, மலையேறி, வெறுங்கையோடு இறங்கி வருகிறவர். லவோனின் தம்பி டெல்மரோ வருஷம் தவறாமல் ஒரு எல்க் கொண்டுவந்துவிடுவான். இரண்டு வருஷமாக ஒரு மின்சார பைக் வேறு வைத்திருந்தான்.

போன வாரம் தீயணைப்புத் தொண்டர்களின் வருடாந்திர விருந்துக்கான கூட்டம். எண்பது பேருக்கு எல்க் கறியும் பீன்ஸும் போட்ட ‘சில்லி’ குழம்பு. கறி யார் தருவது என்று பேச்சு வந்தபோது டெல்மர் எழுந்து, “எப்பவும் போல நானே தரேன். மாமாவைக் கேட்டா பன்றித்தொடை டப்பாதான் திறப்பாரு,” என்றான். கூட்டமே சிரித்தது. வெர்லினின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

“இந்த வருஷம் கறி என் பொறுப்பு!”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லவோன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். வாசலில் இறங்கும்போது, “எண்பது பேருங்க,” என்றாள்.

மறுநாள் டெல்மரே வந்து ஆலோசனை சொன்னான். “மாமா, உங்க முழங்காலை வச்சிக்கிட்டு நடந்தெல்லாம் ஆகாது. பைக் வாங்குங்க. என் ரகசியமே அதுதான். சத்தமில்லாம போவேன், சுடுவேன், கட்டிக்கிட்டு வந்துடுவேன்.”

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வெர்லின் மலையடிவாரத்தில் நின்றார். வழக்கமான குறுக்குப்பாதை இரண்டு மைல். அதன் வாயிலில் ‘மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகை. இத்தனை வருஷம் அதை அவர் வாசித்ததே இல்லை, கால்களுக்கு மோட்டார் இல்லை என்பதால். இப்போது வாசித்தார். பைக்கைப் பார்த்தார். பிறகு மரம் ஏற்றும் லாரிகளுக்குப் போட்ட மண்சாலையில், சுற்றி ஒன்பது மைல் போனார்.

ஏழாவது மைலில் குளிருக்கு பேட்டரி செத்தது. ஆயிரம் வாட் மோட்டார் அதற்கப்புறம் வெறும் பாரம். எல்க் இருக்கும் இடம் மேலே, வீடு கீழே. தள்ளிக்கொண்டு கீழே வந்தார். வழியில் பைக் இரண்டு தடவை அவர்மேல் படுத்தது.

“பேட்டரிக்குக் குளிருது,” என்று லவோனிடம் சொன்னார்.

“போர்த்தி விடுங்க.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். புதன்கிழமை வெர்லின் இன்னொரு பேட்டரி வாங்கி, இரண்டையும் பேரனுடைய பழைய மெத்தைப்போர்வையில் சுற்றினார். அதை வைக்க இடமில்லாததால் பின்னால் இழுத்துப்போக இரண்டு சக்கர வண்டி ஒன்று வாங்கினார். எல்க்கைக் கொண்டுவரவும் அது வேண்டும்தானே. ஆனால் மண்சாலையில் அந்த இழுவண்டி, தகரக்கடையைத் தூக்கிப் போட்டதுபோல் சத்தமிட்டது. இரண்டு மலைக்கு அப்பால் இருந்த காக்கைகள் பறந்தன. சத்தத்தை அடக்க, விருந்தாளி அறையிலிருந்த ரோஜாப்பூப் போட்ட மெத்தையை எடுத்து அதில் கட்டினார்.

“விருந்தாளி வந்தா எங்கங்க படுப்பாங்க?”

“எல்க் விழட்டும், வேற மெத்தை வாங்கலாம்.”

வியாழக்கிழமை எல்லாம் கூடிவந்தது. பேட்டரி சூடாக இருந்தது. இழுவண்டி வாய் திறக்கவில்லை. மேட்டுக்கு வந்து பைக்கை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, முந்நூறு அடி நடந்து, ஒரு பாறைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் போனபோது பைக்கைக் காணோம்.

மெத்தையாவது தெரியுமே என்று பார்த்தால், எல்க் விழுந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அன்று இழுவண்டியைச் சாலையோரத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். இலையும் சுள்ளியும் வரைந்த பைக் இலைக்கும் சுள்ளிக்கும் நடுவில் எங்கோ நின்றது. ஒவ்வொரு மரமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்று மணி நேரம். கடைசியில் சாவிக்கொத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருப்பது நினைவுக்கு வந்து அழுத்தினார்.

“எச்சரிக்கை! வாகனத்தை விட்டு விலகி நில்லுங்கள்!” என்று ஒரு பெண்குரல், சங்கு ஊதும் ஓசையோடு, பள்ளத்தாக்கு முழுக்க முழங்கியது. பைக் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதோடு, இத்தனை நேரம் இருபது அடி கீழே புதருக்குள் சத்தமில்லாமல் படுத்திருந்த நாற்பது எல்க்குகளும் எழுந்து ஓடின. எண்ணிப் பார்க்க அவருக்குப் போதுமான நேரம் இருந்தது. அந்தக் குரலை எப்படி நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

அன்று மாலை கிப்புக்குப் போன் செய்தார். “அந்தப் பொம்பளையை எப்படிய்யா வாயை மூட வைக்கிறது?”

“கைப்பிடிக்குக் கீழே ஒரு ஒயர் இருக்கும் சார். கடைக்குக் கொண்டுவாங்க, நான்...”

‘ஒயர்’ என்பது வரைதான் வெர்லின் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கைப்பிடிக்குக் கீழே பார்த்தால் மூன்று ஒயர்கள். மூன்றையும் வெட்டினார். பெண்குரல் ஓய்ந்தது. மறுபடி பைக் தொலையக்கூடாது என்று, ஆரஞ்சு நாடாக்களைச் சுற்றிலும் கட்டினார். கல்யாண வண்டிபோல் இருந்தது.

சனிக்கிழமை. மறுநாள் விருந்து. “பதினோரு மணிக்குக் கீழே நெடுஞ்சாலைக்கு வந்துடு. காலியாத்தான் வருவேன்னு நினைக்காதே,” என்றார் லவோனிடம்.

“நான் ஒண்ணும் நினைக்கலைங்க. காபி கொண்டுவரேன்.”

அன்று முழங்கால் சுத்தமாக ஒத்துழைக்க மறுத்தது. செங்குத்தான ஒரு மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. தள்ளுகிறவரோடு பைக்கும் தானாக மெல்ல நடந்துவர ஒரு பொத்தான் உண்டு. வெர்லின் அதை அழுத்தினார். பைக் சமர்த்தாக நடந்தது. உச்சியில் நிறுத்துவதற்காக பிரேக்கைப் பிடித்தார். பைக் நிற்கவில்லை. பிரேக் பிடித்தால் மோட்டாரை அணைக்கும் ஒயர், அந்த மூன்றில் ஒன்று.

“நில்லு,” என்றார் வெர்லின். பைக் அவர் கையை உதறிக்கொண்டு உச்சியைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் இறங்கியது. பின்னால் இழுவண்டி. அதில் ரோஜாப்பூ மெத்தை. மெத்தைக்குள் அவருடைய துப்பாக்கி.

“ஏய்! நில்லுடா! டேய்!”

இறக்கத்தில் வேகம் பிடித்தது. நாடாக்கள் படபடத்தன. சரிவின் நடுவில் மேய்ந்துகொண்டிருந்த எல்க் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆளில்லாமல், பூப்போட்ட மெத்தையோடு, ஆரஞ்சுக் கொடிகள் பறக்க, சத்தமே இல்லாமல் ஒரு புதர் தங்களை நோக்கி ஓடிவருவதை அவை அதுவரை பார்த்ததில்லை. பைக் நடுவில் புகுந்ததும் கூட்டம் முழுக்க அதோடு சேர்ந்து கீழ்நோக்கிப் பாய்ந்தது. வெர்லின் வெறுங்கையோடு, ஒற்றைக் காலால் விந்தியபடி பின்னால் ஓடினார். வாழ்க்கையில் எல்க்குக்கு அவ்வளவு அருகில் அவர் போனதே இல்லை.

மரங்களுக்கு அப்பால் நெடுஞ்சாலையிலிருந்து ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“லவோன்!”

முழங்கால் வலி மறந்துபோனது. எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. லவோன் சாலை நடுவில், நசுங்கிய பிக்கப்புக்கு முன்னால், காபிக் குடுவையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். காலடியில் ஒரு பெரிய ஆண் எல்க் உயிரில்லாமல் கிடந்தது. பைக் சாலையைத் தாண்டி ஓடைக்குள் தலைகுப்புறக் கிடந்தது. அதன் சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“உனக்கு ஒண்ணும் ஆகலையே? கையைக் காட்டு. தலையைக் காட்டு!”

“எனக்கு ஒண்ணுமில்லைங்க. ஒரு மெத்தை ரோட்டைத் தாண்டி ஓடுச்சு. அதைப் பார்த்து பிரேக் போட்டேன். பின்னாலேயே இது வந்துடுச்சு.” அவள் ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள். “நம்ம வீட்டு மெத்தைங்க அது!”

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் எல்க்கைப் பார்த்தார். எண்பது பேருக்குத் தாராளமாகப் போதும்.

லவோன் ஒழுங்குமுறைக்காரி. அவளே வனவிலங்குத் துறைக்குப் போன் செய்தாள். அறுபது மைல் தள்ளி இருக்கும் அலுவலகத்திலிருந்து மைட்டே எச்செவெரி என்ற அதிகாரி வந்தாள். வண்டி மோதிச் செத்த விலங்கை எடுத்துக்கொள்ள ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஓடையைப் பார்த்தாள்.

“அது என்ன சார்?”

“பைக்.”

மைட்டே பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

வீடு சேரும்வரை வெர்லின் யோசித்துக்கொண்டே வந்தார். “லவோன், இதை நான் சுட்டேன்னு...”

“பொய் சொல்லமாட்டேன்.”

“சொல்ல வேணாம். சும்மா இரு.”

“கேக்காட்டி சும்மா இருப்பேன். கேட்டா உண்மையைத்தான் சொல்லுவேன்.”

பிக்கப்பைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஞாயிறு மதியம், தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நீளமாக மேஜைகள் போட்டிருந்தார்கள். அண்டாவில் சில்லி கொதித்தது. கரண்டியும் கையுமாக வெர்லின் நின்றார். ஆளாளுக்கு வந்து முதுகில் தட்டினார்கள். பன்னிரண்டு வருஷத்துத் தட்டு ஒரே நாளில்.

டெல்மர் மட்டும் தட்டை நீட்டாமல் நின்றான். “எங்க சுட்டீங்க மாமா?”

“நெடுஞ்சாலைப் பக்கத்துச் சரிவுல.”

“எவ்வளவு தூரத்துல?”

“ரொம்பக் கிட்ட.”

“எத்தனை அடி?”

“ஒரே அடி.”

டெல்மர் ஒரு துண்டுக் கறியை எடுத்து நசுக்கிப் பார்த்தான். முகர்ந்தான். “இடது தொடை முழுக்க ரத்தம் கட்டி வீணாயிருக்குமே?”

வெர்லினின் கரண்டி அண்டாவுக்குள் விழுந்தது. “உ... உனக்கெப்படித் தெரியும்?”

டெல்மர் விரலைத் துடைத்துக்கொண்டான். அக்காவின் பக்கம் திரும்பினான். “அக்கா, நீ சொல்லு. நிஜமாவே மாமாதானா?”

சுற்றியிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். வெர்லின் கண்ணை மூடிக்கொண்டார்.

“டேய், நான் இவரைக் கூப்பிடத்தான் வண்டியில போனேன்,” என்றாள் லவோன். “என் கண்ணு முன்னாலதான் விழுந்துச்சு. இவரு மட்டும் அந்த பைக்கை வாங்காம இருந்திருந்தா அந்த எல்க் இன்னிக்கு உயிரோட இருக்கும்.”

கைதட்டல் எழுந்தது. ஒருவர் வெர்லின் தலையில் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுத் தொப்பியை வைத்தார். “பேசுங்க வெர்லின், ரெண்டு வார்த்தை பேசுங்க!” என்றார்கள். டெல்மர்கூட வேறு வழியில்லாமல் கைதட்டினான். “நான்தான் பைக் வாங்கச் சொன்னேன்,” என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டான். “பத்து வருஷ அனுபவம் சும்மாவா?”

வெர்லின் நாற்காலிமேல் ஏறி, தொண்டையைக் கனைத்தார். அப்போதுதான் வாசலில் சீருடை தெரிந்தது. மைட்டே எச்செவெரி கையில் ஒரு தாளோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

“படிவத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

வெர்லின் நாற்காலியிலிருந்து இறங்கி அண்டாவுக்குப் பின்னால் குனிந்தார். முடிந்தது. எண்பது பேர் முன்னால். காலடிச் சத்தம் நெருங்கி வந்து, அண்டாவைத் தாண்டி, டெல்மருக்கு எதிரில் போய் நின்றது. மைட்டே அவனைப் பார்த்து நட்போடு சிரித்தாள்.

“டெல்மர் அண்ணே, பத்து வருஷமா ரோட்டுல அடிபட்ட எல்க்குக்கு இந்தப் படிவம் வாங்க இந்த ஊருல இருந்து நீங்க ஒருத்தர்தானே வருவீங்க, இந்த வருஷம் என்ன, மாமாவுக்கு விட்டுக்குடுத்துட்டீங்களா?”