சாந்தம் உபதேசியாரும் அன்னவாசல் பஸ்ஸும்

புதுக்கோட்டை சமஸ்தானம் முழுவதிலும் பிள்ளை வளர்ப்பைக் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை.

எங்கள் சபையின் உபதேசியார் அவர். எந்த வீட்டில் குழந்தை அழுதாலும் "சாந்தம், சாந்தம்!" என்று கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். அதனால் ஊருக்கு அவர் சாந்தம் உபதேசியார்; சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததோ என்னவோ. ஆலயத்துக்குப் பின்தெருவில் நான் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தேன். அழுகைக்குப் பஞ்சமில்லாத வீடு. ஆகவே நாள் தவறாமல் வருவார்.

அது யுத்த காலம். வெல்லம் கிடைப்பதே அரிது. என் மகள் எஸ்தர் வெல்லப் பானைக்குள் கைவிட்டதைப் பார்த்து ஒருநாள் அகப்பையை ஓங்கினேன். வாசலில் குரல் கேட்டது.

"சாந்தம், சாந்தம்! அம்மா, அகப்பை சோறு போடத்தான் இருக்கு. புள்ளைய முழங்கால் போடச் சொல்லுங்க. சேந்து ஜெபம் பண்ணுவோம்."

ஜெபம் ஆதாமில் தொடங்கியது. நோவா பேழையை விட்டு இறங்கவே வெகுநேரம் ஆயிற்று. 'ஆமென்' சொல்லிக் கண் திறந்தபோது எஸ்தர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பானையில் பாதியைக் காணோம்.

"பாத்தீங்களாம்மா, மொகத்துல எவ்வளவு சமாதானம்!" என்றார் உபதேசியார்.

பக்கத்து வீட்டுச் சலோமிக்கு வேறு வைத்தியம். கோபம் வந்தால் நூறு வரை எண்ணிவிட்டுத்தான் பிள்ளையிடம் பேச வேண்டும். அவள் முப்பது எண்ணும்போது மகன் புளியமரத்தில் இருந்தான். அறுபதில் கிளை முறிந்தது. நூறு முடிந்ததும் கைக்குக் கட்டுப்போடக் கூட்டிப்போனாள்.

"ஐயா, நீங்க ஒண்ணே ஒண்ண வளத்துப் பாருங்க. அப்புறம் எங்களுக்குச் சொல்லுங்க" என்று பொரிந்து தள்ளினாள்.

"கர்த்தர் குடுத்தா வளக்க மாட்டேனா?" என்று சிரித்தார். பின்னால் நின்ற அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கர்த்தர் கொடுத்தார், யாரும் கேட்டிராத விதமாக. உபதேசியாரம்மாவின் தங்கை அன்னவாசலில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். தகப்பன் முன்பே இல்லை. அவர்களுடைய ஐந்து வயது மகள் ரூத் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

சொல்லக் கூசுகிறது, எங்கள் தெருவே வேடிக்கை பார்க்கத் தயாரானது. முதல் வாரமே ரூத் அவர் மூக்குக் கண்ணாடியைக் கிணற்றில் போட்டாள். கோபப்படாமல் காரணம் கேட்டார்.

"அதை மாட்டிக்கிட்டு என்னையவே பாக்குறீங்க, பெரியப்பா."

முழங்கால் போட்டு ஜெபித்தார். கண் திறந்தால் பிள்ளை கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. நூறு வரை எண்ணினார். ரூத்தும் கூடவே எண்ணினாள். இரண்டே வாரத்தில் தவறில்லாமல் நூறு வரை சொல்லக் கற்றுக்கொண்டாள். வேறு மாற்றம் இல்லை. அந்த வீட்டில் பாத்திரம் உருளும்போதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சலோமி, "சாந்தம், சாந்தம்!" என்பாள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் மத்தியானம் ரூத்தைக் காணவில்லை.

"ரூத்து! ஏ ரூத்து!" என்று உபதேசியார் அலறியபோதுதான் அவருக்கு அப்படியொரு குரல் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. கிணற்றடிக்கு ஓடினார். குளத்தங்கரைக்கு ஓடினார். பிள்ளை பெட்டியோடு பஸ் நிற்கும் பக்கம் போனதாக யாரோ சொல்ல, செருப்புக்கூட இல்லாமல் அங்கே ஓடினார். நானும் சலோமியும் பின்னாலேயே ஓடினோம்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்கள் அவை. கரி பற்றாமல் அன்னவாசல் பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன் இருக்கையில், மடியில் பெட்டியோடு, சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள் ரூத்.

"எறங்குடி!" என்று கத்தினார். கை ஓங்கிவிட்டது. சலோமி என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

ரூத் அசையவில்லை. "நான் எங்க ஆத்தாகிட்டப் போறேன். ஒங்க வீட்ல ஆத்தாவப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறீங்க. நான் கேட்டா ஒடனே ஜெபம் பண்ணிடுறீங்க."

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. படியேறி உள்ளே போனார்.

"நகந்து ஒக்காரு. நானும் வாரேன்."

சாயங்காலப் பஸ்ஸில்தான் திரும்பினார்கள். கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து, ஆத்தா சின்ன வயதில் அடித்த கொட்டத்தையெல்லாம் பெரியப்பா சொன்னாராம். சிரித்தார்களாம், பிறகு அழுதார்களாம். உபதேசியாரம்மாவிடம் ரூத்தே சொன்னது.

அதன்பின் எங்கள் பிள்ளைகள் அழுதால் அவர் வருவதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை எனக்கு. நானே தேடிப் போனேன்.

"ஐயா, எஸ்தர் வாயத் தொறந்தா பொய் சொல்றா. என்ன செய்யட்டும்?"

"எனக்குத் தெரியலையேம்மா. எதுக்குப் பயந்து சொல்றான்னு அவகிட்டக் கேட்டுப் பாத்தீங்களா?"

நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். எஸ்தர் என் கையில் இருந்த அகப்பையைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உபதேசியார் கடைசி பெஞ்சில் இருந்தார். மடியில் ரூத். அவர் பாட, அவள் மீசையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்க, பாட்டு கோணலாகவே வந்தது. அவர் நிறுத்தவும் இல்லை, அவள் விடவும் இல்லை. அன்றைக்குப் போதகர் ஐயர் எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தாரோ, எனக்குத் தெரியாது. நான் அவர்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.