கைகோர்ப்பார் நின்ற மேடை

கைகோர்ப்பாரை உங்களுக்குத் தெரியும். பெரிய கார் கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாக இருப்பார். உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரர்களை வாரம் ஒருமுறை வரவழைத்து, ஏசி அறையில் வட்டமாக உட்காரவைத்து, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்து, "நாம கைகோர்த்தாத்தான் பூமி பிழைக்கும்" என்று நடுவில் தழுதழுத்து, "அப்ப வர்ற திங்கக்கிழமையிலேருந்து நீங்க செஞ்சிடுங்க" என்று முடிப்பார். 'நாம' எந்த இடத்தில் 'நீங்க' ஆனது என்று கண்டுபிடிப்பதற்குள் பிஸ்கட் தட்டு வந்துவிடும்.

பிஸ்கட்டைக் குறை சொல்லக் கூடாது. நன்றாகவே இருக்கும்.

நான் அப்படியொரு பட்டறையில் சரக்கு அனுப்புகிறவன். கார்க் கதவைச் சுற்றி, மழைத்தண்ணீர் உள்ளே புகாமல் ஒட்டியிருக்குமே ஒரு ரப்பர் பட்டை, அதுதான் எங்கள் சரக்கு. முதலாளியம்மாவை ரப்பர் அக்கா என்போம். முகத்துக்கு நேராகவும் அப்படித்தான். இழுத்த இழுப்புக்கெல்லாம் வருவார். ஆனால் இழுப்பதற்கும் ஓர் அளவு உண்டு.

ஒரு கூட்டத்தில் கைகோர்ப்பார் அட்டைப்பெட்டிகளுக்குத் தடை போட்டார். அட்டைக்காக வெட்டுப்பட்ட மரங்களை நினைத்து அரை நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார், நாங்களும் மூடிக்கொண்டோம். இனிமேல் சரக்கு நீலப் பிளாஸ்டிக் பெட்டியில்தான் வர வேண்டும். பட்டறைகள் பெட்டி வாங்க வேண்டும். கம்பெனி சரக்கை எடுத்துக்கொண்டு, வெறும் பெட்டியை அதே லாரியில் திருப்பி அனுப்பும். இதில் என்ன தவறு? தங்கமான யோசனை. அக்காவே மனதாரக் கைதட்டினார். நானூறு பெட்டி வாங்கி, எங்கள் பட்டறையின் எண்ணான பதினேழை ஒவ்வொன்றிலும் சூடு போட்டு வைத்தார்.

முதல் வாரம் நூறு போய் நூறு வந்தது. அடுத்த வாரம் எழுபது. அதற்கடுத்த வாரம் லாரி டிரைவர் கையை விரித்தார். எங்களுக்கு மட்டுமல்ல, எல்லாப் பட்டறைக்கும் இதே கதை. யானை வாயில் போன கரும்பு.

"சார், பெட்டி?" என்று அக்கா போனில் கேட்பார்.

"வரும்மா."

"எப்ப சார்?"

"குடும்பம்னா நம்பிக்கைதானேம்மா!"

நம்பிக்கையில் ரப்பரை அடுக்க முடியாதே? பெட்டி தேடி அலைந்ததில் இரண்டு முறை சரக்கு தாமதமானது. தாமதத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் அந்தப் பட்டறை குடும்பத்தில் இல்லை. அந்தக் கணக்கில் மட்டும் கைகோர்ப்பார் ஒரு நாளும் மறந்ததில்லை. பட்டறையில் எங்களோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். வேறு வாடிக்கையாளர் கிடையாது.

மூன்றாவது முறை ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. வேறு வழியில்லாமல் பழைய அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு நானும் அக்காவும் லாரியிலேயே போனோம். பதினோரு மணிக்குள் சரக்கு உள்ளே போயாக வேண்டும். மணி பத்து. வாசல் காவலர் உட்கார்ந்தபடியே கையை நீட்டி மறித்தார்.

"அட்டைக்கு அனுமதியில்லம்மா. நீலப் பெட்டியில கொண்டாங்க."

"அண்ணே, நீங்க உட்கார்ந்திருக்கிறதே எங்க பெட்டிதான். பதினேழுன்னு போட்டிருக்கு பாருங்க."

அவர் எழுந்து, குனிந்து பார்த்தார். "மூணு மாசமா இது நாற்காலிம்மா" என்றார் பரிதாபமாக. ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"மத்ததெல்லாம் எங்கண்ணே?"

"விழாவுக்குன்னு தூக்கிட்டுப் போனாங்க."

அன்று கம்பெனியில் சுற்றுச்சூழல் விழா என்பதையே மறந்திருந்தோம். அக்கா விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பந்தலுக்குள் மற்றப் பட்டறைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் கைகோர்ப்பார், பூமியைக் காத்ததற்காக மேலதிகாரி கொடுத்த கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி, ஒலிபெருக்கியில் உருகிக்கொண்டிருந்தார். மேடையைச் சுற்றிச் செடிகள். செடி ஒவ்வொன்றும் ஒரு நீலப் பெட்டிக்குள். மேடையோ சிவப்புக் கம்பளம் போர்த்தியிருந்தது. அக்கா நேராகப் போய்க் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். பதினேழு. பதினேழு. இருபத்திரண்டு. ஒன்பது. மறுபடி பதினேழு.

"நாம அனுப்பற பெட்டி ஒவ்வொண்ணும் திரும்பி வருது!" என்று மேலே முழங்கிக்கொண்டிருந்தார் கைகோர்ப்பார்.

"சார், கொஞ்சம் கீழ இறங்குறீங்களா?" என்றார் அக்கா. "எனக்குப் பெட்டி வேணும்."

ஒலிபெருக்கி அதையும் பந்தல் முழுக்கச் சொன்னது. முதல் வரிசையில் ஒருவர் எழுந்து, "ஒன்பது எங்களுது" என்றார். அப்புறம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவர் செடியைத் தூக்க, ஒருவர் மண்ணைத் தட்ட, அடுத்தவர் எண் படித்துக் கொடுக்க, வாசல்வரை கைமாறிக் கைமாறிப் பெட்டிகள் போயின. வாசலில் காவலரும் தன் நாற்காலியைக் கவிழ்த்துத் துடைத்துக் கொடுத்தார். பத்தைம்பதுக்கு எங்கள் சரக்கு நீலப் பெட்டியில் உள்ளே போனது. மூன்றாவது புள்ளி விழவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை கூட்டம் போட்டும் நாங்கள் கைகோர்த்தது அன்றுதான்.

கேடயத்தோடு தரையில் நின்ற கைகோர்ப்பார் அசந்துவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அந்த மாத அறிக்கையில் எழுதினார்: 'பெட்டி திரும்பும் விகிதம் நூறு சதவீதம். கூட்டு முயற்சிக்கு வெற்றி.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு நடை உங்கள் சமையலறைக்குப் போய் மேல் அலமாரியைத் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாதபோது பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு கொடுத்தனுப்பிய அந்தத் தூக்கு இன்னும் அங்கேதானே இருக்கிறது? மூடியில் அவர் பெயர்கூட வெட்டியிருக்கும். உள்ளே உங்கள் பருப்பு இருக்கும்.

கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "வரும்."