சிவப்புக் காபட் போட்ட கார்

அன்று காலை நான் ஒரு முடிவு எடுத்தேன். காருக்குள் காலடியில் விரிக்கும் காபட்டை நானே தெரிவு செய்வேன்.

சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் அப்படிப் போனவன்தான். வீடு என் மனைவி ஹயாத்தும்மாவின் சீதனம். மாவடிப்பள்ளி வயலும் அவளுடைய சீதனம். கிணறு, தென்னை, நான் படுக்கும் கட்டில், எல்லாம் அவள் வாப்பா கொடுத்தவை. இருபத்திரண்டு வருடமாகச் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அவளிடம் கேட்டுத்தான் அடித்தேன். இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டில்தான் மீராமுகைதீன் என்ற என் பெயரில் ஒரு சொத்து வந்தது. ஜப்பான் கார். பட்டனை அமத்தினால் கண்ணாடி தானாக இறங்கும். அதற்குள்ளும் அவள் சொல்தான் நடக்கும் என்றால் நான் ஆம்பிளை என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

முடிவை அவளிடம் அறிவித்தேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"இஞ்ச புள்ள, கார் விஷயத்தில நீ வாய் தொறக்கப்படாது. காபட் நான்தான் எடுப்பன்."

"ஓம் மச்சான். உங்கட கார்தானே."

அவ்வளவுதான். சண்டைக்கென்று ஆயத்தம் செய்து வைத்திருந்த ஏழெட்டு வசனங்களும் வீணாகிப் போயின. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து பஸாரில் அபுல் ஹஸனின் கடைக்குப் போனேன். காருக்கு வேண்டிய சாமான்கள் விற்பவர். முதலில் கறுப்பு றப்பர் விரிப்பைக் காட்டினார். கழுவலாம், எங்கள் ஊர் மண்ணுக்குத் தோதானது என்றார். ஹயாத்தும்மா வந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பாள். ஆகவே வேண்டாம் என்றேன். பிறகு உள்ளேயிருந்து ஒரு சிவப்புக் காபட்டைக் கொண்டுவந்தார். கால் வைத்தால் கணுக்கால் வரை புதைந்தது. பின் சீற்றுக்கு ஒரே நீளத் துண்டு. இதை எல்லோருக்கும் காட்டுவதில்லை என்றார். ராஜாவாக உணர்ந்தேன். எடுத்துவிட்டேன்.

ஹயாத்தும்மா பார்த்தாள். நல்லாயிருக்கிறது என்றாள். பிறகு கார்க் கதவடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். அவள் செய்தது அது ஒன்றுதான். அவளைப் பார்த்து அவள் தங்கச்சி கழற்றினாள். அடுத்த வீட்டு முகம்மது தம்பி ஆஸ்பத்திரிக்குப் போக வந்தவர், கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டு வந்து ஏறினார். ஊரே இப்படி மரியாதை செய்யும்போது சொந்தக்காரன் மட்டும் கடற்கரை மண்ணோடு ஏறலாமா? நானும் கழற்றினேன்.

கழற்றிய செருப்பைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பது பழக்கத்தில் வராது. பள்ளிவாசலுக்குள் செருப்போடா போகிறோம்? வாசலில் கிடக்கும், திரும்பி வரும்போது போட்டுக்கொள்வோம். காரின் வாசலோ காரோடு போய்விடுகிறது. முதல் வாரத்திலேயே, போகும்போது நினைவாகத் தூக்கிக்கொண்டு போன ஒரு சோடி, திரும்பும்போது சாய்ந்தமருதில் நின்றுவிட்டது. இன்னொரு சோடி நாவிதன்வெளியில். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் வீடு வந்து சேர்ந்தேன்.

காபட் போட்ட பதினோராம் நாள் அக்கரைப்பற்றுக்குப் போகும் வழியில் இராணுவச் செக் பொயின்றில் இறங்கச் சொன்னார்கள். உச்சி வெயில். தார் ரோடு கொதித்தது. ஹயாத்தும்மா கைப்பையைத் திறந்து ஒரு சோடி செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் மாறி மாறி ஒற்றைக் காலில் நின்றேன்.

"எனக்கும் ஒரு சோடி எடுத்து வந்திருக்கலாமே?"

"கார் விஷயத்தில வாய் தொறக்கப்படாதெண்டு சொன்னீங்களே, மச்சான்."

நான் துள்ளுவதைப் பார்த்து ஆமிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் காரணம் சொல்லிக் காபட்டைக் காட்டினேன். அவர் குனிந்து தடவிப் பார்த்தார். என் காலையும் பார்த்தார். பிறகு கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டார். அந்தப் பார்வை தாரை விடச் சுட்டது.

காலில் கொப்புளம். தோற்றுவிட்டேன் என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. ஒரு யோசனை செய்தேன். றப்பர் விரிப்பை இரகசியமாக வாங்கிப் போட்டுவிட்டு, சிவப்பைப் பெருநாளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்னால் மானம் தப்பும். மறுநாள் அபுல் ஹஸனிடம் போய் றப்பர் விரிப்பு ஒரு செற் கேட்டேன்.

"அது உங்கட வீட்டதான் இரிக்கி, காக்கா. நீங்க வாறத்துக்கு முதல் நாளே ஹயாத்தும்மா ராத்தா வந்து எடுத்துட்டுப் போயிட்டா."

"அப்ப அந்தச் சிவப்பு?"

"அதயும் அவதான் பாத்து வெச்ச. வீட்டு ஹோல்ல சோபா செற்றிக்கு முன்னுக்குப் போட. வீட்டுக்கெண்டு கேட்டா நீங்க வாங்கித் தரமாட்டீங்களாமே. முதல்ல றப்பரக் காட்டு, வேணாமெண்டுவார், மறுகா சிவப்பக் குடு எண்டா. பத்து நாள் தாங்கமாட்டார் எண்டும் சொன்னா."

அங்கேயே நின்று விரல்விட்டு எண்ணினேன். பன்னிரண்டு நாள். அவள் போட்ட கணக்கை இரண்டு நாளால் பொய்யாக்கியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. அந்தச் சந்தோஷத்தோடு நெஞ்சை நிமிர்த்தி, வெறுங்காலோடு காரை ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

செற்றிக்கு முன்னால் தரை கழுவித் துடைத்திருந்தது. ஹயாத்தும்மா வாசலில் நின்றாள்.

"ரெண்டு நாள் பிந்திட்டீங்க, மச்சான். அந்தக் காபட்ட நல்லாத் தட்டிப்போட்டு உள்ளுக்குக் கொண்டு வாங்க."